மெல்லிய மோதலில் தேட வேண்டிய விசை

ஹட்டனில் நான் பௌதிகவியல் படிப்பிக்கும் உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். ஹிக்ஸ் துணிக்கையைக் காண துணிக்கைகளை வேகமூட்டி மோதவைக்கும், 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள ஆர்முடுக்கி தேவைப்பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "மிஸ், அது பாரமான துணிக்கை, அதனால பெரிய மிசின் வேணும், சரி. லேசான துணிக்கை ஏதாச்சும் மிச்சமிருந்தா அது இந்நேரம் அம்புட்டிருக்கணும்ல?" என்றாள்.

அப்படிக் கட்டாயமில்லை. ஒரு துணிக்கை நம் கண்ணில் படாமலிருக்க இரண்டு வழி உண்டு. அதை உண்டாக்கப் போதிய சக்தி நம்மிடம் இல்லாமலிருப்பது ஒரு வழி. அது எதனோடும் அதிகம் ஒட்டாமலிருப்பது இன்னொரு வழி. இரண்டாவது வகையில் ஒளிந்திருக்கக்கூடிய லேசான விசைக் காவிகளைப் பற்றி உலகம் முழுவதும் நிறையப் பேர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று இருக்கிறதென்று இதுவரை யாரும் காட்டவில்லை. இருந்தால் அது முதலில் தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய இடங்களில் ஒன்று நியூத்திரினோ என்ற மிக லேசான துணிக்கை. பேராதனையில் படித்த காலத்திலிருந்தே என்னை விடாத விஷயம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காவி என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். இரண்டு இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளும்போது அவற்றுக்கிடையே போட்டோன் என்ற ஒளித்துணிக்கை கைமாறுகிறது, விசையைக் காவுவது அதுதான். போட்டோனுக்குத் திணிவு இல்லை, அதனால் மின்காந்த விசை எவ்வளவு தூரத்துக்கும் எட்டும். கதிர்த்தொழிற்பாட்டின் ஒரு வகைக்குப் பின்னாலுள்ள மென்விசையைக் காவுபவை டபிள்யூ, இசட் என்ற இரண்டு வகைத் துணிக்கைகள். 1983 இல் ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் அகப்பட்ட இவை புரோத்தனைப் போல முறையே ஏறத்தாழ 86, 97 மடங்கு திணிவுள்ளவை. திணிவு கூடக் கூட விசை எட்டும் தூரம் குறையும் என்று 1935 இலேயே ஜப்பானின் யுகாவா சொல்லிவிட்டார். அவர் எதிர்பார்த்த துணிக்கை 1947 இல் அகப்பட்டது. பிரான்சின் பிக் டு மிடி மலையிலும் பொலிவியாவின் சக்கல்தாயா மலையிலும் வைத்திருந்த புகைப்படத் தகடுகளில்தான் அதன் தடம் பதிந்திருந்தது. மலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இந்தக் கதையைப் படிப்பிக்கும்போது தனிச் சந்தோஷம். உயரம் கூடினால் வானத்திலிருந்து வரும் கதிர்கள் அதிகம். அதற்காக ஆட்கள் மலை ஏறினார்கள்.

கணக்கு எளிது. காவியின் திணிவை மெகா இலத்திரன்வோற்றில் (துணிக்கைகளின் திணிவையும் சக்தியையும் அளக்கும் அலகு) எடுத்து 197 ஐ அதால் வகுத்தால், விசை எட்டும் தூரம் பெம்டோமீற்றரில் (10⁻¹⁵ மீற்றர்) கிடைக்கும். புரோத்தனின் பருமன் ஏறத்தாழ ஒரு பெம்டோமீற்றர். டபிள்யூவின் திணிவு 80,400. வகுத்தால் 0.0025 பெம்டோமீற்றர்தான் வரும். புரோத்தனுக்குள்ளேயே ஒரு மூலைக்குக்கூடப் போதாது. மென்விசைக்கு அந்தப் பெயர் வரக் காரணமே இந்தக் குறுகிய தூரம்தான். இனி, 10 மெகா இலத்திரன்வோற்றுத் திணிவுள்ள ஒரு காவி இருக்கிறதென்று வையுங்கள். அது 20 பெம்டோமீற்றர் எட்டும். ஈயத்தின் கருவின் ஆரையே ஏழு பெம்டோமீற்றர் அளவில்தான். ஆக, கருவைத் தாண்டி வெளியேயும் கை நீட்டக்கூடிய விசை அது. அப்படியிருந்தும் தெரியாமலிருக்க வேண்டுமானால் அதன் இணைப்பு வலிமை, அதாவது மற்றத் துணிக்கைகளோடு அது ஒட்டும் அளவு, மிக மிகச் சிறியதாக இருக்க வேண்டும். திணிவு, இணைப்பு வலிமை இரண்டையும் எப்போதும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டேயிருப்பேன்.

இங்கேதான் நியூத்திரினோ வருகிறது. இலத்திரனுக்கு மின்னேற்றம் உண்டு. அதன் மேல் ஒரு நுண்ணிய புது விசை செயற்பட்டாலும் மின்காந்த விசையின் ஆரவாரத்தில் அது அமுங்கிவிடும். நியூத்திரினோவுக்கு மின்னேற்றம் கிடையாது, கருவைக் கட்டிவைக்கும் வன்விசையும் அதைத் தொடாது. ஈர்ப்பை விட்டால் மென்விசை மட்டும்தான். சூரியனிலிருந்து ஒரு சதுர சென்ரிமீற்றர் வழியே ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 6,500 கோடி நியூத்திரினோக்கள் கடந்துபோகின்றன. பகலில் தலைக்கு மேலிருந்தும், இரவில் பூமியைத் துளைத்துக்கொண்டு காலடியிலிருந்தும் வருகின்றன. அவ்வளவு வந்தும் நமக்கு எதுவும் தெரிவதில்லை. இப்படி மற்ற விசைகள் அநேகமாக ஓய்ந்துபோன ஒரு துணிக்கையின் மேல் புதிதாக ஒரு சின்ன விசை சேர்ந்தால் அது துருத்திக்கொண்டு தெரியும்.

எப்படித் தெரியும் என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர். கரும்பலகையில் நான் எழுதிக் காட்டுவதை இங்கேயும் சொல்கிறேன். ஒரு காவி வழியாக இரண்டு துணிக்கைகள் மோதும்போது மோதலின் வலிமையைச் சொல்லும் கோவையில் பகுதியெண்ணாக வருவது ஒரு கூட்டுத்தொகை. காவியின் திணிவின் வர்க்கமும் மோதலில் கைமாறும் உந்தத்தின் வர்க்கமும் சேர்ந்தது அது. இசட் துணிக்கையின் திணிவு 91,000 மெகா இலத்திரன்வோற்றுக்கு மேல். அதை வர்க்கித்துவிட்டால், கைமாறும் உந்தம் 30 ஆக இருந்தாலும் 3 ஆக இருந்தாலும் கூட்டுத்தொகையில் எந்த வித்தியாசமும் தெரியாது. காவியின் திணிவு வெறும் 10 என்றால் கதையே வேறு. உந்தம் 30 ஆகும்போது 900 உம் 100 உம் சேர்ந்து 1,000. உந்தம் 3 ஆகும்போது 9 உம் 100 உம் சேர்ந்து 109. பகுதியெண் ஒன்பது மடங்கு சிறுத்துவிட்டது, அதாவது விசை ஒன்பது மடங்கு பெருத்துவிட்டது.

மோதல் எவ்வளவு மெதுவாக நடக்கிறதோ அவ்வளவு தெளிவாக லேசான காவி தெரியும் என்பது இதன் பொருள். வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் பின் வாங்கிலிருந்த பையன் ஒருவன், "அப்ப மெல்லமா இடிக்கிறதத்தான் பாக்கணும்" என்றான். அதேதான். பாரமான துணிக்கையைத் தேடுபவர் சக்தியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். லேசான காவியைத் தேடுபவர் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். மிக மென்மையான மோதல், மிகச் சிறிய பின்னுதைப்பு, அதை உணரக்கூடிய நுண்மையான கருவி. இதுதான் அவருக்கு வேண்டியது.

அப்படிப்பட்ட மோதல் ஒன்று 1974 இலேயே ஏட்டில் இருந்தது. குறைந்த சக்தியுள்ள நியூத்திரினோ ஒரு கருவைத் தொடும்போது தனித்தனிப் புரோத்தன், நியூத்திரனைப் பார்க்காமல் முழுக் கருவையும் ஒன்றாகவே உதைக்கும் என்று டானியல் ப்ரீட்மன் எழுதினார். எல்லாம் ஒன்றாகச் சேர்வதால் மோதலின் வாய்ப்பு கருவிலுள்ள நியூத்திரன் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு ஏறுகிறது. நியூத்திரினோவுக்கு இது பெரிய வாய்ப்பு. சிக்கல் என்னவென்றால், உதைபட்ட கரு அசைவதே தெரியாது. சீசியம் மாதிரிப் பாரமான கருவுக்கு 50 மெகா இலத்திரன்வோற்று உந்தம் கொடுத்தாலும் அது பெறும் சக்தி 10 கிலோ இலத்திரன்வோற்று அளவுதான். இதை அளக்கலாம் என்று சொல்வது அகந்தையாகப் படலாம் என்ற பொருளில் ப்ரீட்மனே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

2017 இல் அளந்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், நியூத்திரன் கற்றைக்காகக் கட்டிய ஆர்முடுக்கியின் அடித்தள நடைபாதையில் கொஹீரன்ட் என்ற குழு ஒரு சீசியம் அயடைட்டுப் பளிங்கை வைத்தது. அதன் திணிவு 14.6 கிலோகிராம். நியூத்திரினோ என்றாலே ஆயிரக்கணக்கான தொன் தண்ணீர், சுரங்கம், மலை என்று படித்த எனக்கு அந்த எண்ணை நம்ப நேரம் பிடித்தது. அன்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பென்சன் போகும்வரை கொழுந்து எடுத்தவர். எங்கள் தோட்டத்தில் அப்போது முழுப் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து வேண்டும், குறைந்தால் அரைப் பேர். "அப்ப அந்தக் கல்லு ஒரு முழுப் பேருக்கும் காணாதே" என்றார் அம்மா. அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாப்பது வருசமா இதுக்கா காத்துக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்டார். ஆமாம், 43 வருஷம். அந்தப் பளிங்கு எண்ணியது நூற்றிச்சொச்சம் மோதல்கள்.

எண்ணிக்கை மட்டுமல்ல, உதைப்புகளின் சக்தி எப்படிப் பரந்திருக்கிறது என்பதும் அந்தத் தரவில் இருக்கிறது. அங்கேதான் நம் பகுதியெண் பேசும். லேசான காவி ஒன்று இருந்திருந்தால் மெல்லிய உதைப்புகள் பக்கம் எண்ணிக்கை வழமையை விட ஏறியிருக்க வேண்டும், அல்லது இசட்டின் பங்கோடு எதிர்க்குறியில் சேர்ந்து இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அதனால் "இன்ன திணிவுக்கு இணைப்பு வலிமை இதைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும்" என்று ஒரு கோடு போட முடிந்தது. பிறகு அணு உலைகளின் பக்கம் போனார்கள். உலையிலிருந்து வரும் நியூத்திரினோ இன்னும் சக்தி குறைந்தது, ஆகவே மோதல் இன்னும் மெல்லியது. 2025 இல் சுவிற்சர்லாந்தின் லைப்ஸ்டாட் அணு உலைக்குப் பக்கத்தில் கோனஸ் பிளஸ் குழு சில கிலோகிராம் ஜேர்மானியத்தில் இந்த உதைப்பைக் கண்டது. அதற்கு முந்தைய வருஷம், கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் இருண்ட சடத்தைத் தேடக் கட்டிய திரவ செனன் தொட்டிகள் இரண்டிலும், இத்தாலியின் செனன்-என்டியிலும் சீனாவின் பாண்டா-எக்ஸிலும், சூரியனின் நியூத்திரினோக்கள் கருக்களை உதைப்பதன் முதல் அடையாளம் தெரிந்தது.

செனன் தொட்டி என்றதும் 2020 நினைவுக்கு வருகிறது. கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடியிருந்த காலம் அது. தோட்டத்தில் கொழுந்து எடுப்பது மட்டும் நிற்கவில்லை. ஜூன் மாதம் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியிலிருந்து செனன்-1டி குழு ஒரு செய்தி விட்டது. 1 முதல் 7 கிலோ இலத்திரன்வோற்று வரையுள்ள பகுதியில் 232 நிகழ்வுகளை எதிர்பார்த்த இடத்தில் 285 இருந்தன. மெல்லிய உதைப்புகள் பக்கம் ஏற்றம்! சூரியனின் நியூத்திரினோக்கள் ஒரு லேசான காவி வழியாக இலத்திரன்களை உதைத்தால் எப்படித் தெரிய வேண்டுமோ ஏறத்தாழ அப்படியே இருந்தது. கட்டுரை மேல் கட்டுரையாக வந்தது. வீட்டில் சிக்னல் நிற்காது. ரோட்டு வளைவில் நின்று போனில் அவற்றை இறக்கிக்கொண்டு வந்து இரவில் படிப்பேன். அந்தக் குழு தொடக்கத்திலேயே இன்னொரு வாய்ப்பையும் சொல்லியிருந்தது. செனனில் மிகச் சிறிதளவு திரித்தியம் (ஐதரசனின் கதிர்த்தொழிற்பாடுள்ள வகை) கலந்திருந்தாலும் இதே ஏற்றம் வரலாம். 2022 இல் அதைவிடப் பெரிய, அதைவிடச் சுத்தமான செனன்-என்டி அளந்தபோது ஏற்றம் மறைந்துவிட்டது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தாங்கள் அறிவித்ததை அதே குழுவே ஏறத்தாழ இரண்டு வருஷத்தில் அளந்து மூடியது பெரிய காரியம். பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வரைபுகளையும் சேர்த்தே காட்டுகிறேன்.

இலத்திரனின் பாரமான உறவுக்காரனான மியூவோனின் காந்தக் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான், கொஞ்சம் சுருக்கமாகச் சொல்கிறேன். இதுவரை தெரிந்த துணிக்கைகளையும் விசைகளையும் விளக்கும் நியம மாதிரியில் உள்ள துணிக்கைகளை வைத்துக்கொண்டே, கணிதத்தில் முரண் வராமல் சேர்க்கக்கூடிய புது விசைகள் சில உண்டு. அவற்றில் ஒன்று மியூவோன் குடும்பத்தின் மேலும் அதைவிடப் பாரமான டௌ குடும்பத்தின் மேலும் எதிரெதிர்க் குறியில் செயற்படும், இலத்திரனை நேரடியாகத் தொடாது. 1990களின் தொடக்கத்திலேயே எழுதப்பட்ட யோசனை. இதன் காவி சில பத்து மெகா இலத்திரன்வோற்றுத் திணிவில் இருந்தால், மியூவோனின் காந்தத் திருப்புதிறனில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடம் கண்ட, கோட்பாட்டுக் கணிப்பிலிருந்தான விலகலை அது விளக்கியிருக்கும். 2021 இல் அங்கேயே உள்ள பெர்மிலாப் ஆய்வுகூடம் அந்த விலகலை உறுதிப்படுத்தியபோது பெரிய பரபரப்பு. 2025 இல் பெர்மிலாப்பின் இறுதி அளவீடும் வந்தது, திருத்தப்பட்ட கோட்பாட்டுக் கணிப்பும் வந்தது. இரண்டும் இப்போது ஒத்துப்போகின்றன. அந்தக் காவி இல்லையென்று இதனால் நிரூபணமாகவில்லை, அதைத் தேடச் சொன்ன ஒரு காரணம் கழன்றுவிட்டது, அவ்வளவுதான். நியூத்திரினோத் தரவு அந்த இடத்தை முன்பே வெகுவாக நெருக்கியிருந்தது. கிரான் சாசோவிலிருந்த பொரெக்சினோ தொட்டி சூரியனின் பெரிலியம் நியூத்திரினோக்களை அளந்ததும், ஒரு கருவின் பக்கத்தில் போகும் நியூத்திரினோ மியூவோன் சோடி ஒன்றைப் பிறப்பிக்கும் அரிய நிகழ்வை அமெரிக்காவில் சீசீஎப்ஆர் குழு எண்ணியதும் அதற்குப் பெரிய உதவி.

இந்த எல்லைகளையெல்லாம் ஒரே வரைபில் போடுவார்கள். கிடை அச்சில் காவியின் திணிவு, நிலை அச்சில் இணைப்பு வலிமை, இரண்டும் மடக்கை அளவுத்திட்டத்தில். ஒவ்வொரு பரிசோதனையும் தான் விலக்கிய பகுதிக்கு ஒரு நிறம் பூசும். ஹட்டன் டவுனில் அதைக் கலரில் பெரிதாக அச்செடுத்து ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நிறம் பூசிய எல்லாமே "இங்கே இல்லை" என்ற பதில்கள். மிச்சமிருக்கும் வெள்ளை இடத்தில்தான் அது ஒளிந்திருக்க முடியும். பிள்ளைகளுக்கு மடக்கை ஏன் வேண்டும் என்று இதைவிட நன்றாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. இலத்திரன்வோற்றில் கோடானுகோடியில் ஒரு பங்கிலிருந்து கோடானுகோடி வரை ஒரே தாளில் நிற்க வேண்டுமே.

அந்த வரைபின் இடது ஓரம் எனக்கு மிகப் பிடித்த பகுதி. மறுபடி பகுதியெண்ணைப் பாருங்கள். கைமாறும் உந்தம் பூச்சியமே ஆகிவிட்டால்? மிஞ்சுவது காவியின் திணிவின் வர்க்கம் மட்டும். அப்படி ஒரு நிலைமை உண்மையில் உண்டு. நியூத்திரினோவில் மூன்று வகை உண்டு, போகும் வழியில் ஒரு வகை இன்னொன்றாக மாறும். நியூத்திரினோ சடத்தினூடாகப் போகும்போது எதையும் உதைக்காமலே, சூழ உள்ள இலத்திரன்களின் மொத்தச் செல்வாக்கை உணர்ந்து தன் வகையை மாற்றும் வேகத்தை மாற்றிக்கொள்ளும். 1978 இல் வொல்பென்ஸ்டைன் காட்டிய விளைவு இது. இங்கே காவி லேசாக ஆக ஆக விளைவு ஏறிக்கொண்டே போகும், இணைப்பு எவ்வளவு நுண்ணியதாயிருந்தாலும். காவியின் திணிவு 10⁻¹⁸ இலத்திரன்வோற்றுக்கும் கீழே போனால் அந்த விசை சூரியனிலிருந்து பூமி வரை எட்டும். அப்போது இங்கே ஒரு நியூத்திரினோ, சூரியனிலுள்ள எல்லா இலத்திரன்களின் செல்வாக்கையும் ஒருசேர உணரும். 2004 இல் இந்தியாவின் ஜோஷிபுராவும் மொகந்தியும் இதையே கணித்தார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூத்திரினோக்களை ஜப்பானின் சூப்பர் கமியோகண்டே எண்ணிய தரவை எடுத்து, அப்படி ஒரு நீண்ட கை இருந்தால் அந்த எண்ணிக்கை எப்படிக் குலைந்திருக்கும் என்று பார்த்தார்கள். குலையவில்லை. கிடைத்த எல்லை வியக்கவைக்கும் அளவுக்கு இறுக்கமானது.

வளிமண்டல நியூத்திரினோ என்று சொல்லும்போதெல்லாம் நான் இந்தியாவின் கர்நாடகத்திலுள்ள கோலாரைச் சொல்லாமல் விடுவதில்லை. 1965 இல் அந்த வகை நியூத்திரினோக்கள் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று கோலார் தங்கச் சுரங்கம், மற்றது தென்னாபிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கம். இரண்டும் ஒரே வருஷம். கோலாரில் தரைக்குக் கீழே 2.3 கிலோமீற்றர் ஆழத்தில் டாட்டா ஆய்வு நிறுவனம், ஒசாக்கா, டர்ஹம் ஆகிய மூன்று இடத்து ஆட்கள் சேர்ந்து கருவிகளை வைத்திருந்தார்கள். மேனன், ஸ்ரீகண்டன், மியாகே, வொல்பென்டேல் என்று அந்தப் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. அந்த ஆழத்தைத் தோண்டிய கைகளில் பெரும்பங்கு தமிழர்களுடையது. எங்கள் முன்னோர்கள் இந்த மலைகளுக்குக் கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்த அதே நூற்றாண்டில், அதே மாதிரிக் கிராமங்களிலிருந்து, அதே மாதிரி வறுமையால் கோலாருக்குப் போனவர்கள் அவர்கள். அங்கேயும் வரிசை வீடுகளில்தான் இருந்தார்கள். ஏட்டில் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் 2.3 கிலோமீற்றர் கல் மேலே இல்லாவிட்டால் மற்ற வானத்துக் கதிர்களின் இரைச்சலில் நியூத்திரினோ தெரிந்தேயிருக்காது. மலையகத்தில் தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்கக்கூடிய பாடசாலைகள் இன்றும் போதாது. நான் படித்த காலத்தில் அதற்காகப் பஸ் ஏறி மணிக்கணக்கில் போக வேண்டியிருந்தது. அதனால்தான் இந்தப் பாடத்தில் நம் ஆட்களுக்கும் ஒரு பங்கு ஏற்கெனவே இருக்கிறது என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதுவரை சொன்னதெல்லாம் நியூத்திரினோ சாதாரண சடத்தை உதைப்பது பற்றியது. புதுக் காவி நியூத்திரினோக்களுக்கு இடையே மட்டும் செயற்பட்டால் என்ன செய்வது? அதைப் பார்க்க ஆய்வுகூடம் போதாது, வானம்தான் வேண்டும். பெருவெடிப்பில் மிஞ்சிய நியூத்திரினோக்கள் எங்கும் நிறைந்திருக்கின்றன, ஒரு கன சென்ரிமீற்றரில் ஏறத்தாழ 336 என்பது கணிப்பு. 1987 பெப்ரவரியில் பெரிய மகெலன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்ததன் நியூத்திரினோக்கள் 168,000 ஒளியாண்டு கடந்து, இந்த மிச்சத்தினூடாகவே நம்மிடம் வந்தன. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சோவியத்திலும் இருந்த கருவிகளில் மொத்தம் இரண்டு டசின் அளவு பதிவாகின. அவை வந்து சேர்ந்ததே ஒரு தகவல். தங்களுக்குள் பலமாக மோதிக்கொள்வதாயிருந்தால் வழியிலேயே சிதறியிருக்கும் என்று அதே வருஷம் கோல்ப், டேர்னர் இருவரும் எழுதினார்கள்.

இப்போது அந்த வேலையைத் தென்துருவத்தில் ஐஸ்கியூப் என்ற நியூத்திரினோக் கண்காணிப்பகம் செய்கிறது. ஒரு கன கிலோமீற்றர் பனிக்கட்டியே அதன் கருவி. தொலைவிலிருந்து வரும் நியூத்திரினோ மிச்ச நியூத்திரினோவோடு சேரும்போது சக்தி சரியாகப் பொருந்தினால் காவி உண்டாகும், வந்த நியூத்திரினோ காணாமல் போகும். பொருந்தும் சக்தியைக் காணக் காவியின் திணிவின் வர்க்கத்தை மிச்ச நியூத்திரினோவின் திணிவின் இருமடங்கால் வகுக்க வேண்டும். வகுப்பில் இதைக் கொடுத்துப் பார்த்தேன். காவிக்கு 10 மெகா இலத்திரன்வோற்று, நியூத்திரினோவுக்கு 0.05 இலத்திரன்வோற்று. 10¹⁴ ஐ 0.1 ஆல் வகுத்து 10¹⁵ என்று முதலில் எழுதியது கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைதான். 2013 இல் ஐஸ்கியூப் அறிவித்த மிக உயர்ந்த சக்தி நியூத்திரினோக்கள் அந்த எல்லையிலேயே இருந்தன. ஆகவே இந்தத் திணிவில் அப்படி ஒரு காவி இருந்து, இணைப்பும் போதியதாயிருந்தால், ஐஸ்கியூப்பின் நிறமாலையில், அதாவது சக்திவாரியான எண்ணிக்கையில், அந்தச் சக்தியில் ஒரு பள்ளம் விழ வேண்டும். பள்ளம் என்று துணிந்து சொல்ல இப்போதுள்ள எண்ணிக்கை போதாது. இதைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு கனவளவில் ஐஸ்கியூப்-ஜென்2 என்று ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறார்கள்.